அப்பா கிழித்துப் போட்ட கடிதம்

பர்மாவில் எங்கள் படை தோற்றுப் பின்வாங்கிய மழைக்காலத்தில் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்தியாவை விடுவிக்கப் போகிறோம் என்று, அவர் பேச்சை மீறி நான் சேர்ந்த படை அது. புறப்பட்ட அன்று மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் நின்று, "போனா அப்படியே போயிடு" என்றார்.

தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன் நான். நாலு வரிதான் எழுதினேன். தோற்றுவிட்டோம். காலில் புண், ஆறி வருகிறது. நான் வீட்டுக்கு வரலாமா? ரங்கூன் முகாமுக்குப் பதில் போடுங்கள்.

தாள் மழையில் நனைந்திருந்தது. அடுப்பருகே காட்டியதில் ஒரு மூலை கருகிவிட்டது. வேறு தாள் இல்லை. தெற்கே திரும்பிய லாரிக்காரர் ஒருவரிடம், தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

பதில் வரவில்லை. வர வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

போர் முடிந்து மலாயா திரும்பியும் மலாக்கா பக்கம் போகவில்லை. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் இறக்கினேன். தீபாவளிக்கு எல்லா வீட்டிலும் ஆள் நிறைந்திருக்கும். நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் அப்பாவிடம் போய்விடலாம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், தோட்டத்துக்குத் துணி விற்க வந்த மலாக்காக்காரர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"வண்டிக்காரர் மகன்தானே? நீ செத்துட்டியேப்பா!"

"இல்லீங்கண்ணே."

"என்ன இல்ல? உன் கருமாதிக்கு வந்து மரவள்ளிக்கிழங்கு தின்னவன் நான். ஜப்பான்காரன் காலம், சோறு ஏது?"

மறுநாளே போனேன். அப்பா மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிறு கையிலிருந்து நழுவியது. "அப்படியே நில்லு" என்றார். காரியம் முடிந்தவன் அல்லவா, ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டார்.

சாப்பிடும்போது சொன்னார். "கடுதாசி வந்துச்சுடா. மூலையில கரி. சாவுக் கடுதாசிதானே அப்படி வரும்? வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு வாசல்லயே கிழிச்சுப் போட்டேன். யாரையும் வாசிக்கச் சொல்லல. கேக்கத் தைரியம் இல்ல." பிறகு கேட்டார், "என்னதான் எழுதியிருந்தே?"

வரலாமா என்று கேட்டிருந்தேன் என்றால், பதிமூன்று வருஷத்தையும் தன் கையாலேயே கிழித்தது அவருக்குத் தெரிந்துவிடும்.

"தோத்துட்டோம்னு எழுதினேம்பா."

"அதுதான் ஊருக்கே தெரியுமே. அதுக்கு ஒரு கடுதாசியா?" சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "அப்போ ஏண்டா இத்தனை வருஷம் வரல?" என்றார்.

"வேலை இருந்துச்சுப்பா."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தோம். பெற்றவனை நினைக்காத பிள்ளை என்றே என்னை எண்ணிக்கொண்டு அவர் கண்ணை மூடினார்.