தறிக்குழியில் பிழைத்த கோழி

திருடன், திருடன் என்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்கிறேன். திருடுகிறவன் பகல் பதினோரு மணிக்கு, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, முன்வாசல் வழியாகக் கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவானா? அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டானாம். குழாயடியில் இந்தப் பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை. பஞ்சாட்சரம் ஓடவில்லை, நடந்துதான் போனான். அது அம்மன் கோழியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்கிறேன். எனக்கு எழுத்துதான் தெரியாது. கண்ணும் காதும் நன்றாகவே இருக்கின்றன.

அவன் அம்மையார்குப்பத்துப் பிள்ளை. தாய் தகப்பன் இல்லாமல் அண்ணன் வீட்டில் வளர்ந்தவன். எங்கள் திருத்தணிக்கு, வேதாசலம் வீட்டுக்கு, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். வேதாசலத்துக்கு மூன்று கைத்தறி, ஒரே பெண் பத்மா. அவர் வாய் திறக்காத மனிதர். அந்த வீட்டுக்கு வாய் என்றால் அவர் பெண்சாதி தாயாரம்மாள்தான். மற்ற வீடுகளில் மாப்பிள்ளை வந்தால் மாமியார் கதவோரம் ஒதுங்கி நின்று பேசுவாள். இவள் “ஏப்பா” என்பாள். ஏப்பா, தண்ணி தூக்கினு வா. ஏப்பா, மாட்டுக்கு வைக்கோல் போட்டியா? இப்படியே ஒன்பது வருஷம். அவன் நெய்த லுங்கியெல்லாம் மாமனார் பெயரில்தான் நெசவாளர் சொசைட்டிக்குப் போகும். படுக்கிற பாய்கூட மாமியார் வாங்கிப் போட்டது. இது என்னுடையது என்று அவன் கைகாட்ட அந்த வீட்டில் ஒரு சாமான் இருந்து நான் பார்த்ததில்லை. இதை முதலில் தெரிந்துகொண்டால்தான் கோழிக் கதை புரியும்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் பத்மாவுக்கு அம்மை போட்டது. பிழைப்பாளா என்று இருந்தது. அம்மை இறங்கினால் ஆடியில் கூழ் ஊற்றுகிற அன்று ஒரு கோழி அறுக்கிறேன் என்று தாயாரம்மாள் கங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். இறங்கியது. ஒரு செவலைப் பெட்டையைப் பிடித்துக் காலில் மஞ்சள் நூலைக் கட்டிவிட்டாள். நூல் ஏறிவிட்டால் அது அம்மன் சொத்து. விற்கவும் கூடாது, வீட்டுக்கு அறுக்கவும் கூடாது.

ஆனி மாதம் ஒரு காலையில் புழக்கடையில் கீரி புகுந்தது. கோழியின் அலறல் கேட்டு நான் வேலியைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் பஞ்சாட்சரம் கையில் இருந்த, நூல்தார் போடுகிற கூடையாலேயே வீசியடித்துக் கீரியை விரட்டிவிட்டான். செவலைப் பெட்டைக்கு வால் பக்கம் இறகே இல்லை. முதுகில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது.

“வாய் வச்சிடுச்சே! எச்சில் ஆயிடுச்சே! எச்சிலையா ஆத்தாளுக்கு அறுக்கிறது?” என்று தாயாரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துவந்து, கோழியின் காலை இழுத்து, அந்த மஞ்சள் நூலைத் தன் கையாலேயே அறுத்து வேப்பமரத்தடியில் போட்டாள்.

“அப்ப குழம்பு வச்சிடேன்” என்றேன் நான். பொய் சொல்லமாட்டேன், அப்படித்தான் சொன்னேன்.

“கீரி வாய் வச்சத யார் துன்றது? ஏப்பா, ஏரிக்கரையில போட்டுட்டு வா. இல்லன்னா நீயே வச்சிக்கோ.”

“நானே வச்சிக்கட்டுமா அத்தை?”

“ஆங், வச்சிக்கோ. செத்தாலும் உன்னுது, பொழச்சாலும் உன்னுது.”

இதை நான் கேட்டேன். சுவரோரம் நின்ற பத்மாவும் கேட்டாள்.

அந்தக் கோழிக்கு மூச்சு இருந்ததே தவிர உயிர் இருந்ததாகத் தெரியவில்லை. இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, கொண்டை வெளுத்து, பாதிக்கண் மூடி, வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. தானியம் போட்டால் பார்க்கவில்லை. காக்கை நிழல் தரையில் ஓடினால் மட்டும் உடம்பு முழுக்க நடுங்கும்.

மூன்றாவது தறிக்கு நூல் வராமல் அது சும்மா கிடந்தது. நெய்கிறவன் காலைத் தொங்கவிடுகிற குழி ஒவ்வொரு தறிக்கும் உண்டல்லவா, அந்தத் தறியின் குழியில் வைக்கோல் போட்டு, சாக்கை விரித்து, கோழியை இறக்கி, மேலே பாயை மூடினான். அதற்கு இருட்டும் அமைதியும் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றான்.

அமைதியா? எங்கள் தெருவிலா? ஆளுக்கு ஒரு வைத்தியத்தோடு வந்தார்கள். தெலுங்குக்காரி பங்காரு வேப்பிலையோடு மந்திரிக்க வந்து, பாயைத் தூக்கி, குழிக்குள் தலையை விட்டு, “அய்யோ பாவம்” என்று கத்தினாள். ஒருத்தி வெயிலில் விடு என்றாள். இன்னொருத்தி தலையில் குளிர்ந்த தண்ணீர் தெளி என்றாள். ஒவ்வொருத்தி பாயைத் தூக்கும்போதும் அது மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அவன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எரிச்சலில் எனக்கே யாரையாவது அறையலாம் போல இருந்தது. இத்தனைக்கும் நானும் மிளகு, பூண்டு, நல்லெண்ணெய் சேர்த்து இடித்து எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அலகைப் பிளந்து ஊற்றப் போன என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வாணாம் பெரியம்மா. மூச்சுல பூந்துடும். அது இன்னும் கீரி வாயிலதான் கீறோம்னு நெனச்சிகினு கீது. நாம தொட்டாலும் அதுக்குக் கீரிதான்.”

எனக்குக் கோபம் வந்தது. என் மருந்து நல்ல மருந்து, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவன் செய்ததையும் சொல்லவேண்டும். வெல்லத் தண்ணீரில் விரலை நனைத்து அலகின் ஓரத்தில் வைப்பான். அது தானாக நக்கினால் உண்டு, இல்லையென்றால் எழுந்து போய்விடுவான். ஈ மொய்க்காமல் இருக்கப் புண்ணில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினான். பக்கத்துத் தறியில் உட்கார்ந்து தறிப்பலகையைப் பலமாக அடிக்காமல் மெல்ல மெல்ல நெய்தான்.

“இன்னா மாப்ளே, நெய்யறியா, தடவிக்குடுக்கிறியா?” என்றார் வேதாசலம். அவர் வாய் திறந்ததே அந்த மாதத்தில் அதற்குத்தான்.

தெருவில் வேறு, “பஞ்சாட்சரத்துக்கு ரெண்டாம் பொண்டாட்டி குழியில கீறா, பாத்தியா?” என்று சிரிப்பு. அவனும் சிரிப்பான். “அவ ஒருத்திதாங்க என்னை வேலை ஏவறதில்ல” என்பான்.

மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தது. ஆறாம் நாள் மோர் பிசைந்த சோற்றைக் கொத்தியது. பாயை ஒரு நாளைக்கு ஒரு சாண் விலக்கினான், ஒரேயடியாக வெளிச்சம் காட்டவில்லை. மற்றக் கோழிகளோடு விட்டால் வெறுந்தோலைக் கொத்திவிடும் என்று புழக்கடைக்கே அனுப்பவில்லை. முதுகில் முள் முள்ளாகப் புது இறகு குத்திட்டு வந்தது. அவன் குரல் கேட்டால் குழியிலிருந்து “கொக்” என்று ஒரு சத்தம் வரும். அதை என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். நாற்பது வயசு ஆம்பிளை!

ஆடி பிறந்ததும் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்தது. தாயாரம்மாள் வேண்டுதலுக்கென்று நூல் கட்டி வைத்திருந்த இன்னொரு பெட்டை இரண்டே நாளில் சுருண்டது. என்னுடையவை நான்கும் போயின. பங்காருவின் சேவல் போயிற்று. வேறு கோழிக்காகத் தாயாரம்மாள் கனகம்மாசத்திரம் வரைக்கும் ஆள் விட்டுப் பார்த்தாள், அங்கேயும் அதே கதை. எங்கள் தெருவில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். எதனோடும் சேராமல் குழிக்குள் இருந்ததே, அது.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாட்சரம் பந்தலுக்கு வேப்பிலை ஒடிக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால் குழி காலி. வாசலில் கூடையின் கீழே கோழி. காலில் புது மஞ்சள் நூல்.

“அத்தை, இது என் கோழி.”

“ஆத்தா கோழி. நேர்ந்தது இதைத்தான்.”

“எச்சில்னு நீங்கதான நூலை அறுத்தீங்க?”

“வாய் பட்ட எறகெல்லாம் உதுந்து போச்சு. இது புது எறகு. இப்ப எச்சில் எங்க கீது, காட்டு?”

“எறகு புதுசு. நீங்க சொன்ன சொல்லு இன்னா ஆச்சு அத்தை?”

நான் சும்மா இருக்கவில்லை. “தாயாரு, நீ அறுத்ததை நான் பாத்தேன். குடுத்ததைத் திருப்பிக் கேக்காதே. தேங்காய் ஒடை, பூசணிக்காய் ஒடை. அடுத்த வருஷம் ரெண்டா அறு. ஆத்தா எங்க ஓடிப்போறா?” என்றேன்.

“உனக்கு இன்னா? உன் பொண்ணுக்கா அம்மை போட்டுச்சு? ஆத்தா மறுபடி வந்து கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவே?” என்றாள். அவளுக்கு இருந்த பயமும் பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் பக்கம் திரும்பினாள்.

“துன்ற சோறு யாருது? படுக்கிற வூடு யாருது? கோழி மட்டும் உன்னுதா?”

தெருவே வாசலில் நின்றது. வேதாசலம் பந்தல் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பஞ்சாட்சரம் குனிந்து கூடையைத் தூக்கினான். அவன் கைக்கு அந்தக் கோழி திமிறவில்லை. முடிச்சைப் பிரித்து நூலைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, வேப்பிலை மேல் வைத்தான். சாமிக்கு அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். கூழ்ப்பானையின் பக்கத்தில் நின்ற பத்மாவிடம், “நான் அம்மையார்குப்பத்துக்கே போறேன். வரதுன்னா வா. இல்லன்னா இரு. உன் மேல எனக்குக் கோவமில்ல” என்றான்.

அவள் துடுப்பைப் பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் தாயைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அன்றைக்கு நீங்கள் கொடுத்தது நிஜம்தான் அம்மா என்று. எனக்கு ஆறாதது அதுதான். அவன் நின்றான். பானையில் கூழ் அடிப்பிடித்த வாசனை வருகிற வரைக்கும் நின்றான். அவள் துடுப்பை விட்டு வரவில்லை.

அதற்குள் கோடித்தெருவில் பம்பைச் சத்தம் கிளம்பிவிட்டது. கோழி கழுத்தை உள்ளே இழுத்தது. தோளில் கிடந்த துண்டால் அதன் தலையை மூடினான்.

“இருப்பா பஞ்சாட்சரம், நான் இன்னொரு தரம் பேசிப் பாக்கிறேன்” என்றேன்.

“நீங்கதான் பேசுனீங்களே பெரியம்மா” என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் இறங்கி, கூட்டம் விட்ட வழியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.