அளவுச் சட்டையும் பிறபொருளெதிரியும்

உம்மாவைப் பூனை கடித்தது நோன்பு பதினெட்டில். வீட்டுப் பூனை அல்ல; மதுரங்குளிச் சந்திப் பக்கமிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் வந்து, கடித்துவிட்டுப் போன பூனை. விசர்நாய்க் கடிக்குப் போடும் நாலு ஊசியில் முதலாவதைப் போட்டுக்கொண்டார். இரண்டாவதற்கு உரிய நாளில் தையல் மெசினை விட்டு எழும்பவில்லை. பெருநாளுக்குத் தைத்துக் கொடுக்க ஊராரிடம் வாங்கிய துணி கட்டிலில் குவிந்து கிடந்தது.

"ஒண்டு போட்டாச்சே மகன். காணும்."

விசர் நோய் வந்தால் ஆள் தப்புவதில்லை என்றேன். "பயங்காட்டாத" என்றார். எங்கள் குடும்பத்தில் உயர்தர வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான், அதுவும் உயிரியல். பயத்தால் முடியாததை அறிவால் முடிப்போம் என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

"உம்மா, ஒடம்புக்குள்ள பிறபொருளெதிரி எண்டு ஒண்டு இரிக்கி."

"எதிரியா? யாருக்கு?"

"வெளியில இருந்து வாறதுக்கு."

"அப்ப நமக்குத்தான்."

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்த குடும்பம் எங்களது. யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம் போயும் எங்களுக்கு 'வந்த ஆக்கள்' என்றுதான் பெயர்.

நான் விடவில்லை. எந்தக் கிருமி வரும் என்று உடம்புக்குத் தெரியாது. அதற்காக அது காத்திருப்பதுமில்லை. மரபணுவில் இருப்பவை கொஞ்சத் துண்டுகள்தான். எலும்புக்குள் இருக்கும் என்புமச்சையில் பிறக்கும் ஒவ்வொரு கலமும் அவற்றைத் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டி, ஆளுக்கொரு வடிவத்தில் பிறபொருளெதிரி செய்துகொள்கிறது. நாலு விதக் கை, நாலு விதக் கழுத்து, நாலு வித உடல் இருந்தால் அறுபத்து நாலு சட்டை தைக்கலாம் அல்லவா, அப்படிக் கோடிக்கணக்கில்.

உம்மா மெசினை நிறுத்தினார். "ஆளைக் காணாமலே தைக்கிதா? பொருந்தாட்டி?"

"வீண்தான். நம்மட ஒடம்பையே புடிக்கிறதெண்டா பெரும்பாலும் அங்கயே அழிச்சிரும்."

"துணி நட்டம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப ஊசியில இரிக்கிறது அளவுச் சட்டையா?"

தைக்கக் கொடுப்பவர்கள் அளவுக்காகக் கூடவே தரும் பழைய சட்டை அது. நான் துள்ளிவிட்டேன். ஓம், ஊசியில் இருப்பது செத்த கிருமி. அதைப் பார்த்துத்தான் உடம்பு பொருத்தமானதைத் தேடி எடுக்கிறது. எனக்கு ஒரு தவணை முழுக்கப் பிடிபடாததை உம்மா ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

"அளவுச் சட்டை ஒருக்காத் தந்தாக் காணும்" என்று மறுபடி மிதிக்கத் தொடங்கினார். "நாலு தரம் கொண்டு வாறவள வாசல்ல வெச்சே திருப்பி அனுப்புவன்."

அரை மணி நேரம் படிப்பித்து, போகாமலிருக்க விஞ்ஞானபூர்வமான காரணம் ஒன்றை நானே கையில் கொடுத்திருந்தேன்.

"இல்ல உம்மா, முதல்ல எடுக்கிறது சுமாராத்தான் பொருந்தும். பொறகு ஒடம்பு அதயே கொப்பி அடிக்கும். கொப்பியில பிழை விடும். அப்படிப் பிழைச்சதுல ஒண்டு ரெண்டு முந்தினத விட நல்லாப் புடிக்கும். அளவுச் சட்டையத் திரும்பத் திரும்பக் காட்டினாத்தான் அந்த நல்லதப் பாத்து எடுக்கலாம்."

"பிழை விட்டு விட்டா பழகுது?"

"ஓம்."

"இன்னும் பழகுற கை!" உம்மா எழுந்தே விட்டார். "அத நம்பி நான் இங்க குந்திக்கிட்டு இரிக்கிறன். எடு அபாயாவ."

மிச்ச ஊசிகளையும் போட்டு முடித்தார். நான் சொன்னதில் உடம்பின் திறமை எதையும் அவர் நம்பவில்லை. அதற்கு வேலை தெரியாது என்பதை மட்டும் முழுதாக நம்பினார்.