செம்பூர் ஷ்யாமளாவும் மைனஸ் நான்கும்

ஷ்யாமளாவுக்கு மனிதர்களோடு பேச வராது என்று அவள் வேலை பார்த்த கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். பேசுவதற்கு அவளுக்கு ஒரு விஷயம் வேண்டும், அவ்வளவுதான். விஷயம் கிடைத்துவிட்டால் வாய் ஓயாது. விஷயமே இல்லாமல் போனை எடுத்து ஒருவரைக் கூப்பிடும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. பக்கத்தில் நவி மும்பை கோபர்கைரனேயில் இருந்த தன் சொந்தத் தங்கையைக்கூட அவள் அப்பா சாவு, சீமந்தம் என்று ஏதாவது இருந்தால்தான் கூப்பிடுவார்.

கருவிகள் செய்யும் கம்பெனியில் புரோகிராம் எழுதியே அவளுக்கு வயதாயிற்று. கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பேச்சை எடுப்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். அப்பா போனார். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டாள், அம்மாவும் போனாள். ரிடையர் ஆனபோது செம்பூர் காலனியின் இரண்டாவது மாடியில் அவளும் ஒரு லினக்ஸ் கணினியும்தான் மிச்சம். கனடாவில் இருக்கும் தம்பி நகுல் ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸப்பில் பூப்படம் அனுப்புவான். பூப்படத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இப்படி இருந்தவளிடம்தான் தாராவி வேல்ராஜ் வந்து சேர்ந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், நாற்பதைத் தாண்டியவன். இரும்புச் சாமான்களின் மேல் வண்ணப் பொடியைத் தூவி, பெரிய ஓவனில் வைத்துச் சுட்டெடுத்துத் தரும் பட்டறை வைத்திருந்தான். சரக்கு வாங்குகிற புது கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. ஓவன் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை என்ன சூட்டில் இருந்தது என்று கோட்டுப் படம் வேண்டும். படம் இல்லாத சரக்கு திரும்பி வந்துவிடும்.

சூட்டை அளந்து யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும் ஒரு சின்னப் பெட்டியை வேல்ராஜ் வாங்கிவிட்டான். அதோடு வந்த மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அவனிடம் இருந்ததோ யாரோ கழித்துப்போட்ட பழைய கணினி, அதில் லினக்ஸ். ஷ்யாமளாவின் பழைய கம்பெனியில் வயரிங் பார்த்த ஒருவர் அவள் பெயரைச் சொல்லி அனுப்பினார்.

அவள் சி மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். நொடிக்கு ஒருமுறை பெட்டியிடம் சூட்டைக் கேட்கும், வந்த எண்ணைப் புள்ளியாக வைக்கும், புள்ளிகளை இணைத்துக் கோடு போடும். வேல்ராஜ் கோட்டைப் பார்த்து, "ஏக்தம் ஈசிஜி மாதிரில்லா இருக்கு மேடம்!" என்று குதித்தான். கம்பெனியில் இத்தனை வருஷத்தில் அவள் எழுதிய எதையும் பார்த்து யாரும் குதித்ததில்லை.

அடுத்த நாளே போன் வந்தது.

"மேடம், படம் நின்னுட்டு."

"திரையில என்ன வந்திருக்கு?"

"மைனஸ் நாலுன்னு போட்டிருக்கு. பொறவு ஒண்ணும் இல்ல."

மைனஸ் நான்கு என்றால் பெட்டியைக் காணோம் என்று அர்த்தம். பொடி தூவும் கம்ப்ரஸரைப் போட்டதும் பட்டறையில் மின்சாரம் ஒரு கணம் தடுமாறுகிறது. பெட்டி செத்துப் பிழைக்கிறது. பிழைத்து எழும்போது லினக்ஸ் அதற்குப் புது எண் கொடுத்துவிடுகிறது. புரோகிராமோ, ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டுவதுபோல் பழைய எண்ணிலேயே கேட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது.

"பயப்படாதே. கேபிளைப் பிடுங்கிட்டுத் திரும்பச் சொருகு. நான் சொல்றதை ஒவ்வொரு எழுத்தா அடி."

அவன் அடித்தான். படம் ஓடியது. ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மும்பை வெயில், தண்ணீர் லாரி, அவன் மனைவி கலைச்செல்வியின் இட்லி வியாபாரம், மகள் ஹரிதா தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டாமல் திணறுவது எல்லாம் பேச்சில் வந்தன. போனை வைத்தபோது ஷ்யாமளாவின் காப்பி ஆறியிருந்தது. அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

அன்று மாலையே அவள் திருத்தம் எழுதிவிட்டாள். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. மைனஸ் நான்கு வந்தால் பழைய தொடர்பை மூடு, ஒரு நொடி பொறு, பெட்டியைத் திரும்பத் தேடு, திற, தொடர். இடையில் ஓரிரு புள்ளி விடுபடும். அதை யாரும் கேட்கப்போவதில்லை. சோதனைக்கென்று வாங்கி வைத்திருந்த அதே மாதிரிப் பெட்டியின் கேபிளை வீட்டிலேயே பிடுங்கிச் சொருகிச் சோதித்தாள். கச்சிதமாக வேலை செய்தது.

அதைத் தாராவிக்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி. நாளைக்கு அனுப்பலாம் என்று வைத்தாள். மறுநாள் முற்பகலில் கம்ப்ரஸர் ஓடியது, போன் அடித்தது. அதற்கடுத்த நாளும் அடித்தது. பிறகு ஒரு நாள், அந்தத் திருத்தத்துக்கு மேலும் கீழும் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு அடைத்தாள். அப்படி அடைத்துவிட்டால் வரிகள் கண்ணுக்குத் தெரியும், கணினி மட்டும் படிக்காமல் தாண்டிப் போய்விடும். தான் செய்வது என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் முற்பகல் ஆனால் குளித்து, தலை வாரி, போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மேடம் என்றவன் அதற்குள் யக்கா என்று ஆரம்பித்திருந்தான்.

மழைக்காலம் முடிந்து, குளிர் என்று மும்பையில் சொல்லிக்கொள்வதும் வந்து போய், வெயில் ஏறியது. ஒரு நாள் வழக்கம்போல் படம் நின்று, வழக்கம்போல் ஓட ஆரம்பித்த பிறகு, அவன் பக்கம் சத்தமே இல்லாததை அவள் கவனித்தாள்.

"என்ன, கலைச்செல்வி குரலே கேக்கலை?"

"அவளும் பாப்பாவும் ஊருக்குப் போயிருக்காவ யக்கா. செவ்வாக்கெழம எங்க அம்மன் கோயில் கொடை. பாப்பா மொத தடவையா முளைப்பாரி எடுக்கா."

"நீ போகலையா?"

"எப்படிப் போவ? ஓவனை நம்ம பட்டறைப் பையன் சாஹில் பாத்துக்கிடுவான். படம் நின்னா அவனுக்கு ஒண்ணும் ஓடாது, உங்ககிட்ட பேசத் தமிழும் தெரியாது. மால் பூரா திரும்பி வந்துரும். பாப்பாதான், 'அப்பா வரலேன்னா நான் எடுக்க மாட்டேன்'னு ரயில்ல ஏறுத வரைக்கும் அழுதா. போட்டும் யக்கா, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். நீங்க சாப்டாச்சா?"

ஷ்யாமளா அவசரமாகப் போனை வைத்தாள். தன் வீட்டில் ஆள் சத்தம் வேண்டும் என்பதற்காக இன்னொருத்தன் வீட்டைக் காலி செய்து வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பு வந்தது.

மேஜையில் உட்கார்ந்து, சாய்கோட்டையும் நட்சத்திரத்தையும் அழித்தாள். பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு சயான் பஸ்ஸைப் பிடித்தாள். அங்கிருந்து வழி கேட்டுக் கேட்டு, வியர்த்து ஊற்ற, பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாள். வேல்ராஜ் தனியாக உட்கார்ந்து வடாபாவ் தின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பதறி எழுந்து, ஸ்டூலைத் தன் சட்டையாலேயே துடைத்துப் போட்டான்.

அவள் உட்காரவில்லை. புதியதை ஏற்றி ஓடவிட்டு, "கம்ப்ரஸரைப் போடு" என்றாள். போட்டான். கோடு நின்றது. திரையில் மைனஸ் நான்கு வந்தது. வேல்ராஜின் கை பழக்கத்தில் கேபிளுக்குப் போயிற்று. "தொடாதே." ஒரு நொடி. கோடு தானாகவே மேற்கொண்டு ஓடியது.

"அட! இனிமே ஆளே வேண்டாமா யக்கா?"

"வேண்டாம். இன்னிக்கே தட்கால்ல டிக்கெட் பாரு. கொடைக்குப் போய்ச் சேந்துடலாம்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவு லேசான வேலையா இது?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். நேற்றுத்தான் தோன்றிற்று என்றால் முடிந்தது. வேல்ராஜ் நம்பியிருப்பான்.

"இதை நான் முதல் நாளே எழுதிட்டேன் வேல்ராஜ். உனக்குத் தரலை. தந்தா அப்பறம் நீ கூப்பிட மாட்டியேன்னு தோணித்து."

வேல்ராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் முகம் ஒரு கணம் இறுகியது. கோபப்படுவான் என்று நினைத்தாள், கோபப்பட்டிருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும்.

"கூப்பிடுததுக்கு மெசினு நிக்கணுமா யக்கா?" என்றான்.

அவள் பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டாள். டீ சொல்கிறேன் என்றவனை வேண்டாம் என்று தடுத்துவிட்டு இறங்கி நடந்தாள்.

வேல்ராஜ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். மகள் முளைப்பாரியோடு நிற்கும் படம் ஒன்று வாட்ஸப்பில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்திருப்பான், வேலை குவிந்திருக்கும். முற்பகலில் அவள் தலை வாரி உட்கார்ந்தாள். போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. குற்றம் சொல்ல அவனிடம் என்ன இருக்கிறது? படம்தான் நன்றாக ஓடுகிறதே. அவள் எழுதிய புரோகிராம்களிலேயே சிறந்தது அதுதான்.

ஒரு நாள், ஈரத் துணியைக் கொடியில் பாதி போட்டுவிட்டு உள்ளே வந்து, யோசிக்க இடம் கொடுக்காமல், அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"யக்கா! என்னாச்சு, ஏதும் பிரச்சினையா? மெசினு நல்லாத்தானே ஓடுது!"

"ஓடறதோல்லியோ? ஒண்ணும் இல்லை. சும்மாத்தான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாத்தான்."

கம்ப்ரஸர் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வேல்ராஜ் தொண்டையைச் செருமினான். வெயில், லாரி, இட்லி என்று அத்தனையும் பேசியவர்களுக்கு இப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"சாப்டாச்சா?" என்றாள்.

"ஆச்சு யக்கா. நீங்க?"

"ஆச்சு."

"சரி யக்கா, பொறவு... வச்சுரட்டா?"

வைத்துவிட்டான். அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அரிசியைக் களைந்து குக்கரில் வைத்து, நாளைக்கு ஹரிதாவின் படிப்பைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்தபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.