ஆலைச் சாலையில் கல் நட்டவர்

ஞானப்பிரகாசம் இறந்த செய்தி எனக்குச் சுற்றறிக்கையாக வந்தது. பியூன் நீட்டிய தாளில் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் படித்தேன். உதவிப் பொறியாளர் ஞானப்பிரகாசம் மாரடைப்பால் காலமானார், மாலையில் இரங்கல் கூட்டம், இதன் பொருட்டு அலுவலகப் பணி பாதிக்கப்படக் கூடாது என்று இருந்தது. அவரைச் சாக்கடைப் பிரிவுக்குத் தூக்கிப் போடும் வரை எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த மனிதர். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் அன்று மாலை நிறையப் பேசிவிட்டார்கள்.

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பெங்களூரில் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தார். கழுத்தில் டை கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். முன்கோபி. தேநீர் ஆறியிருந்தால் கூட கான்டீன்காரரிடம் சண்டைக்குப் போவார். சாலைப் பிரிவில் அவர் திட்டம் போட, நான் வரைபடம் வரைவேன்.

சுதந்திரம் வந்து சில வருடங்களில் ஊருக்கு வெளியே பெரிய ஆலைகள் எழுந்தன. ஆலைச் சங்கு ஊதினால் சாலை முழுக்க சைக்கிள்தான். நடுவில் லாரியும் பஸ்ஸும் புகுந்து போகும். விழுந்தவர்களை ஓரமாகக் கிடத்திவிட்டு மற்றவர்கள் வேலைக்கு ஓடுவார்கள். அந்தச் சாலையின் இரு பக்கமும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப் பாதை வேண்டும், சாலைக்கும் பாதைக்கும் நடுவே கருங்கல் நட்டுப் பிரிக்க வேண்டும் என்று ஞானப்பிரகாசம் திட்டம் கொண்டுவந்தார். இரண்டு சைக்கிள் பக்கம் பக்கமாகப் போகும் அகலம் கேட்டார். ஜோடியாக ஓட்டுவதே சட்டப்படி தப்பு, ஒரு சைக்கிளுக்கு இடம் போதும் என்றார் எங்கள் தலைமைப் பொறியாளர்.

"நாள் பூரா மெஷின் சத்தத்துல வாயத் தொறக்க முடியாதவன் சார். வூட்டுக்குப் போற வழியிலயாவது பக்கத்துல இருக்கறவன்கிட்ட நாலு வார்த்தை பேசட்டும்" என்றார் ஞானப்பிரகாசம். எப்படியோ அகலம் கிடைத்தது.

பாதை தயாரான அன்று நாங்கள் இருவரும் போய் நின்றோம். சங்கு ஊதியது. ஒரு சைக்கிள் கூடப் பாதையில் ஏறவில்லை. பழையபடி லாரிக்கு நடுவிலேயே போனார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த ஊரில் வளர்ந்த சனம் அது. கல் நட்டு, மண் இறுக்கி, சுத்தமாக ஒரு பாதை போட்டிருந்தால் அது துரைகளுக்கு என்றுதான் அவர்களுக்குத் தெரியும். துரைகள் கப்பலேறிப் போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை. ஞானப்பிரகாசம் ஒருவரை நிறுத்திக் கேட்டார். ஸ்ரீராம்புரத்துக்காரர், லேத் வேலை, பெயர் கன்னியப்பன்.

"இதுல போனா போலீஸ் புடிக்காதா சார்?"

"உனக்குத்தான்யா போட்டிருக்கு. இது நம்முது. ஏறு!"

கன்னியப்பன் நம்பவில்லை. ஞானப்பிரகாசம் தன் சைக்கிளை எடுத்துப் பாதையில் ஏறி, "வாங்கய்யா, நம்முதுதான், வாங்க!" என்று கத்திக்கொண்டே போனார். டை தோள்மேல் பறந்தது. கன்னியப்பன் சிரித்துக்கொண்டு பின்னால் ஏறினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் ஏறினார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிறகு ஒரு வெளிநாட்டு விருந்தாளி ஆலையைப் பார்க்க வந்தார். கார் வரிசை போக இடம் போதாது, கல்லை எடுக்க வேண்டும் என்றார்கள். ஞானப்பிரகாசம் முடியாது என்றார். தலைமைப் பொறியாளர் அவர் தோளில் கை போட்டு, "நாலு நாள்தானே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி கன்னடத்தில் கெஞ்சினார். எத்தனையோ பேரிடம் எரிந்து விழுந்தவர், அந்தக் கைக்கு மசிந்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார். விருந்தாளி வந்து போனார். கல் திரும்ப வரவில்லை. பாதையையும் சேர்த்துத் தார் போட்டு, சாலை அகலமாகிவிட்டது என்று பெருமைப்பட்டுக் கொண்டார்கள்.

அந்தக் கற்களை ஞானப்பிரகாசம் பிற்பாடு கண்டுபிடித்தார். தலைமைப் பொறியாளர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது தோட்டத்தில் ரோஜாப் பாத்திக்கு வேலியாக நின்றிருந்தன. கொடுத்த காபியைத் தொடவில்லை. "நல்லது சார், பூச்செடி மேல லாரி ஏறாம கல்லு பாத்துக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரமே சாக்கடைப் பிரிவு.

அந்த மழைக்காலத்தில் கன்னியப்பன் செத்தார். கல் இருந்த காலத்தில் எந்த ஓரமாகப் போனாரோ அதே ஓரமாகத்தான் போயிருக்கிறார். லாரி அங்கே ஏறி வந்தது. ஞானப்பிரகாசத்தோடு நானும் ஸ்ரீராம்புரம் போனேன். கன்னியப்பனின் மனைவி அழவில்லை. எங்களை உட்காரச் சொல்லவும் இல்லை.

"'டை கட்டின சார் சொன்னாரு, அந்தப் பாதை நம்முது'ன்னு எங்க வூட்டுக்காரு தெனம் சொல்லும். கல்லை எடுத்துட்டாங்களே, ரோட்ல பாத்துப் போன்னு நான் சொன்னா, கல்லு போனா இன்னா, எடம் நம்முதுதானேன்னும். நம்முதுன்னு சொல்ல வந்தீங்களே சார், இனிமே நம்முது இல்லன்னு சொல்ல ஏன் வரல?"

 திரும்பும் வழியில் ஞானப்பிரகாசம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார், ஏறவே இல்லை. கல்லைத் திரும்ப நடச் சொல்லி அதன்பின் அவர் ஏறாத அலுவலகப் படி இல்லை. போன இடமெல்லாம் 'பார்க்கலாம்' என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே அவர் இதயம் நின்றது என்று நான் சொன்னால் டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அவர்களின் ஒப்புதல் தேவையில்லை.

இரங்கல் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் பேசினார். ஆலைச் சாலை இத்தனை அகலமாக இருப்பது ஞானப்பிரகாசத்தின் தொலைநோக்கு என்றார். கை தட்டக் கூடாத இடம் என்பது மறந்து இரண்டு பேர் தட்டினார்கள். எல்லோரும் மௌன அஞ்சலிக்கு எழுந்தபோது நான் வெளியே வந்துவிட்டேன்.

நேராக ஆலைச் சாலைக்குப் போனேன். சங்கு ஊதியது. சைக்கிள்கள் வந்தன. கல் இல்லை, பாதை இல்லை, ஆனாலும் அதே ஓரமாக, இரண்டு இரண்டு பேராக, பேசிக்கொண்டு வந்தார்கள். பஸ்காரன் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள், அவன்தான் வழி தவறி வந்தவன் போல. ஞானப்பிரகாசம் அவர்களை அவ்வளவு நன்றாக நம்ப வைத்திருந்தார். இனிமேல் இது உங்களுடையது இல்லை, ஒதுங்கிப் போங்கள் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லத்தான் போய் நின்றேன். கடைசி சைக்கிள் போகும்வரை நின்றேன், வாய் வரவில்லை. அவருக்கும் இப்படித்தான் வராமல் போயிருக்கும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது சொல்ல முடியாத அந்த ஒரு வாக்கியம்தான்.