அன்னத்தாயிடம் சொல்லாதது

சுருளிப்பட்டி அன்னத்தாய்க்கு முதல் பிரசவம் எழுபதுகளில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வயிற்றைக் கிழித்து நடந்தது. பிள்ளை தங்கவில்லை. "உடம்பு தேறட்டும், எல்லாம் சரியாயிரும்" என்று அவளிடம் சொன்ன டாக்டர், மற்றதையெல்லாம் வழக்கம்போல வாசலில் நின்ற ஆம்பிளையிடம், அவள் கணவர் குருசாமியிடம், சொன்னார்.

அடுத்த பிள்ளைக்காகச் சனிக்கிழமைதோறும் இருவரும் குச்சனூர் கோயிலுக்குப் போனார்கள். அவள் எள் விளக்கு ஏற்றுவாள். காற்றில் அணையாமல் குருசாமி இரு கையாலும் மறைத்துப் பிடிப்பார். வருடங்கள் ஓடின.

கடைசியில் தேனியில் ஒரு லேடி டாக்டரிடம் போனார்கள். தழும்பைப் பார்த்து, சோதனையும் செய்த அவர் குருசாமியை உள்ளே கூப்பிட்டு, அவள் எதிரிலேயே கேட்டார்: "அப்பவே கருக்குழாயைக் கட்டிட்டாங்களா?"

குருசாமி தலையைக் குனிந்தார். "இன்னொரு பிரசவம்னா உசுருக்கு ஆபத்துன்னாக. இவகிட்ட சொல்ல வேணாம்னாக."

"என் வயித்துல செஞ்சது எனக்கு மட்டும் தெரியக் கூடாதாக்கும்" என்றாள் அன்னத்தாய். பஸ்ஸில் அவர் பக்கத்தில் அவள் உட்காரவில்லை.

அடுத்த சனிக்கிழமை குருசாமி பழக்கத்தில் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தார். அடுப்படியிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை.

"நீங்க மட்டும் போங்க. சாமிகிட்டயாவது உண்மையச் சொல்லிட்டு வாங்க."