தும்பிக்கை இல்லாத எழுத்து

எங்கள் அப்பா பொய் சொல்ல மாட்டார். சங்கரன்கோவிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிக்கூட வாத்தியார், திருச்சபைக்குச் செயலாளர் வேறு. அந்த நல்ல பெயருக்காக வீட்டில் யார் என்ன பாடுபட்டார்கள் என்பதைத்தான் ஊர் கேட்டதில்லை.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது, குருவிகுளம் போகும் வழியில் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் மண்டபம் கட்டச் சபை முடிவு செய்தது. அங்கே அடக்கம் நின்று பல காலமாகி, சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்தது. எழுத்துள்ள கற்களை நோட்டில் பதிந்து, பெயர்த்துப் போய்ப் புதிய தோட்டத்தில் நட வேண்டும். எழுத்தில்லாத மொட்டைக் கற்களை அப்படியே நிரவிவிட வேண்டும். பதியும் வேலை அப்பாவுக்கு. எனக்குக் கண் கூர்மை என்று என்னையும் கூட்டிப்போனார். முள் வெட்ட ஆள் இருந்தும் அம்மா தானும் அரிவாளோடு வந்தாள்.

சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கல்லில் எழுத்து தெரியும். நான் தேய்த்து வாசிப்பேன், அப்பா எழுதுவார். பழைய கற்களில் ளை, னை எல்லாம் வேறு மாதிரி இருந்தன. முன்னால் போடும் கொம்புக்குப் பதிலாக, எழுத்திலிருந்தே யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு எழும்பும். அப்பா ஒருமுறை காட்டிக்கொடுத்ததும் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஏக பெருமை.

மத்தியானம் மதிலோரம் ஒரு சின்னக் கல் அகப்பட்டது. அதைச் சுற்றி அம்மா முன்பே முள்ளை வெட்டி ஒதுக்கியிருந்தாள். ‘பெண் பிள்ளை’ என்று மட்டும் இருந்தது. சாக்பீஸே தேவைப்படவில்லை, கீறல் வெள்ளைவெளேரென்று இருந்தது.

“எப்பா, இது கள்ள எழுத்து! ளைக்குத் தும்பிக்கை இல்ல பாருங்க. யாரோ இப்பதான் கீறிருக்காங்க!” என்று கத்தினேன்.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவள் அரிவாள் நுனியில் கல்தூள் ஒட்டியிருந்தது.

“புள்ள வாசிச்சத எழுதிருங்களேன்” என்றாள் அம்மா.

“அவ சரியாத்தான சொல்லுதா. என்னைய நோட்டுல பொய் எழுதச் சொல்லுதியா?”

எழுதவில்லை. “கெட்டிக்காரி” என்று என் தலையைத் தடவிவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது என் அக்கா. எனக்கு முன்னால் பிறந்து, மூன்றே நாளில், பெயர்கூட இல்லாமல் போனவள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குப் புதிய தோட்டத்தில் இடமில்லை என்று சபையில் சொன்னார்களாம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அப்பாவே இங்கே கொண்டுவந்து புதைத்து, அந்த மொட்டைக் கல்லை வைத்தாராம். எனக்குக் கல்யாணமான பிறகு, அப்பாகூடப் பிறந்த அத்தை சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது. அப்பா எழுதியிருந்தால், அந்த நோட்டு வழியாகவாவது அவள் பேருக்கு ஒரு கல் புதிய தோட்டத்துக்குள் போயிருக்கும். அப்பா அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. நினைத்தால் இன்றும் அவர்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. என்மேலும்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டி அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். சேலையெல்லாம் முள், என்மேல் குத்திவிடும் என்றுதான் அங்கே போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.