நான்காம் கட்டத்து முகம்

வண்ணக் கலவை சொல்லிக்கொடுக்கிறவனின் சட்டை ஒருநாளும் சுத்தமாக வீடு திரும்பாது, மனசும் அப்படித்தான். ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் ஓவியக் கல்லூரியில் பதினாறு வருடமாக எனக்கு இதே பிழைப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் வைத்தே நம் முகத்தைக் கலந்துவிடலாம் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். சக வாத்தியார்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவது?

சாக்கடை

முதல் வகுப்பிலேயே மாணவன் பாலா, “தோல் கலர் டியூப் எங்க சார்?” என்றான். அப்படி ஒன்று கடையில் விற்கத்தான் செய்கிறார்கள், வெளிறிய ரோஸ் நிறத்தில். அந்த அறையில் ஒருவருக்கும் அந்தத் தோல் கிடையாது. ஆரஞ்சும் நீலமும் எதிரெதிர் நிறங்கள், ஆரஞ்சில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் நம் பழுப்பு வரும் என்றேன். சொட்டுக்கெல்லாம் அவனுக்கு எங்கே பொறுமை? நீலத்தை மொத்தமாகப் பிதுக்கிக் கிளறிவிட்டு, தட்டைத் தூக்கிக் காட்டினான்.

“அலமாக்! சார், இது என் மூஞ்சியா, இல்ல லோங்காங் தண்ணியா?”

உரித்த முட்டை

பருவத்தின் கடைசிப் பயிற்சி பாப் ஆர்ட் உருவப்படம். தன் முகத்தையே நான்கு கட்டங்களில் வரைய வேண்டும். முதல் மூன்றில் பச்சை முகம், ஊதா முடி என்று என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம். நான்காவதில் மட்டும் அவரவர் சொந்த நிறம். அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருக்கிறேன், வருடா வருடம் ஏமாந்தும் போகிறேன்.

பார்த்து வரையக் கைப்பேசியில் படம் எடுத்து வரச் சொன்னேன். வந்த முகமெல்லாம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. ஃபில்டரை நிறுத்திவிட்டு வேறு படம் எடு என்று துர்காவிடம் சொன்னேன். அவள் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“அத ஆஃப் பண்ணா நான் எப்படி இருப்பேன்னு எனக்கே மறந்துபோச்சு சார்.”

தரணியின் அம்மா

இந்த வருடம் தரணி என்னை ஏமாற்றவில்லை. நான்காவது கட்டத்தில் அடர்ந்த பழுப்பு, கன்னத்து நிழலில் லேசான நீலம், நெற்றியில் ஒரு கீற்று ஆரஞ்சு. அச்சு அசல் அவள்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

மாணவர் ஓவியக் கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு அவள் அம்மா படத்தைப் பார்க்க வந்தார். சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி, சீருடையோடே வந்திருந்தார். அவரும் மகளின் நிறம்தான். பச்சை முகத்தைப் பார்த்துச் சிரித்தார், ஊதா முகத்தை ரசித்தார். நான்காவதுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் கண்காட்சிக்கு வருகிறார்களாம்.

“பச்சையா இருந்தாக்கூடப் பரவால்ல சார். இது மட்டும் வேணாம் லா.”

என் முகம்

மறுநாள் தரணி தட்டில் வெள்ளையைப் பிதுக்கி வைத்துக்கொண்டு படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. உன் நிறத்துக்கு நீ எதற்கு வெட்கப்பட வேண்டும், கண்ணால் பார்ப்பதை வரைகிறவள்தானே ஓவியக்காரி என்று பத்து நிமிடம் பொரிந்து தள்ளினேன். அவள் தூரிகையால் என் முதுகுக்குப் பின்னால் சுவரைக் காட்டினாள். மாணவர்களுக்கு மாதிரியாக நான் வரைந்து மாட்டிய என் முகம் அங்கே நான்கு கட்டங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போய் நான்காவது கட்டத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். கை கறுப்பு. முகம் மாநிறம். அதில் வெள்ளை சேர்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

“நீங்களும் அம்மா சொல்லித்தான் மாத்தினீங்களா சார்?”

அவளைத் தடுக்காமல் விலகிக்கொண்டேன். எல்லா நிறத்தையும் மூன்றே நிறத்தில் கலக்கலாம் என்று பதினாறு வருடமாகப் பாடம் நடத்தும் என் வகுப்பில், எப்போதும் முதலில் தீர்ந்துபோவது வெள்ளை டியூப்தான்.